கடிகாரம் என்ன மணி காட்டிச்சு?

“வண்டியை ஆஃப் பண்ணாதீங்க சார். அப்படியே ஓடட்டும்” என்று கையைக் காட்டினார் பாய்.

சென்னை புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய பட்டறை. ஒரு ஷட்டர், உள்ளே ஒரு மேசை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வயர் சுருள்கள், ரிலேக்கள், பிரித்துப் போட்ட டைனமோக்கள். அவ்வளவுதான் கடை. வேலையெல்லாம் தெருவில் நடக்கிறது. இந்தப் பக்கம் கழற்றிய கதவுகளும் பம்பர்களும், அந்தப் பக்கம் கியர்பாக்ஸ் குவியல். நடுவில் கிடைக்கிற இடத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக் குனிந்து நிற்கிறார்கள். பழைய வண்டிச் சாமான் தேடித்தான் பெரும்பாலானவர்கள் புதுப்பேட்டைக்கு வருவார்கள். நான் வந்தது, சாமான் மாற்றி மாற்றியும் தீராத ஒரு பழுதுக்காக.

பழுது இதுதான். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று மீட்டர் போர்டு, ஏ.சி., பாட்டு, எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடும். ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல எல்லா விளக்கும் எரியும், செல்ஃப் பலமாக எடுக்கும், கிளம்பிவிடும். அடுத்து எப்போது அணையும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் ஒரு வாரம் சும்மா இருக்கும். சில சமயம் தெருமுனை வேகத்தடையிலேயே அணையும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே மட்டும் சமர்த்தாக ஓடும்.

“பேட்டரி புதுசு மாத்தியாச்சு பாய். ஆல்டர்னேட்டரையும் கழட்டிப் பார்த்துட்டாங்க. இப்போ கம்ப்யூட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க” என்றேன்.

பாய் அதற்குப் பதில் சொல்லவில்லை. “அணைஞ்சு திரும்ப வந்தப்போ கடிகாரம் என்ன மணி காட்டிச்சு?” என்று கேட்டார்.

இதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் எனக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு முறையும் மீட்டர் போர்டின் கடிகாரம் ஒரு மணிக்குத் திரும்பியிருக்கும். டிரிப் மீட்டர் பூஜ்யம் காட்டும். ரேடியோ தன் ஸ்டேஷன்களை மறந்திருக்கும். சொன்னேன். பாய் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தார். “சாவி சுவிட்ச் இல்ல. மெயின் லைன், இல்லாட்டி எர்த்து. ரெண்டுல ஒண்ணு” என்றார். வண்டியை இன்னும் தொடக்கூட இல்லை.

அந்தக் கேள்வியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அவரே பிறகு விளக்கினார். காரில் மின்சாரம் இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் லைன். கடிகாரம், ரேடியோவின் நினைவு, ஹாரன், நான்கு பக்கமும் மினுக்கும் ஹசார்டு விளக்கு இவையெல்லாம் பெரும்பாலான வண்டிகளில் இதில் இருக்கும். மற்றது, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் லைன். வண்டி அணையும்போது ஹாரன் அடிக்கிறது, ஹசார்டு எரிகிறது, கடிகாரம் சரியாக இருக்கிறது என்றால் பேட்டரியும் மெயின் லைனும் நன்றாக இருக்கின்றன. சாவி சுவிட்சையோ அதற்குப் பின்னால் வரும் ரிலேயையோ பார்க்க வேண்டும். மீட்டர் போர்டு விளக்குகள் எல்லாம் எரிய, எஞ்சின் மட்டும் நின்றுபோகிறதென்றால் மின்சாரம் போகவே இல்லை என்று அர்த்தம். பெட்ரோல் பம்ப்பின் ரிலே, சூடானால் வேலைநிறுத்தம் செய்கிற கிராங்க் சென்சார் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். கடிகாரமே மறந்துபோனால் வேர் போய்விட்டது.

ஆகவே இப்படி நடக்கும் வண்டி வைத்திருப்பவர் பட்டறைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த நொடியில் எது எது எரிந்தது, எது எது அணைந்தது என்று குறித்துக்கொள்வது. அந்தக் குறிப்பு பாதி நோயறிதல். “ஜனங்க ‘வண்டி ஆஃப் ஆயிடுச்சு’ன்னுதான் வந்து சொல்வாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டா, ‘அதான் ஆஃப் ஆயிடுச்சே’ம்பாங்க” என்றார் பாய்.

இதை நான் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில், இரவில், பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும்போது என் வண்டி அணைந்தது. மின்சாரம் போனதும் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எஞ்சின் நின்றதால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும். அதன் பிறகு முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். டெயில் லைட் இல்லை, ஹசார்டு இல்லை. பின்னால் வருகிறவருக்கு இருட்டில் ஒரு கருப்பு உருவம் நிற்பதே தெரியாது. இந்தப் பழுது உயிரோடு விளையாடுவது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையன் மல்ட்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தான். 14.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாக சார்ஜ் ஏற்றுகிறது என்று பொருள், 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. பிறகு எஞ்சினை அணைத்து, சிறிது நேரம் ஹெட்லைட்டை எரியவிட்டு மேலோட்டமான சார்ஜை இறக்கி, மறுபடி அளந்தான். 12.6. ஈயப் பேட்டரியின் ஆறு அறைகளில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6. முழு சார்ஜ். செல்ஃப் அடித்துப் பார்த்தபோது 10.8-க்குக் கீழே இறங்கவில்லை. 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரி மீது சந்தேகப்பட வேண்டும்.

“பழைய பேட்டரியும் இப்படித்தான் காட்டியிருக்கும். அதையே மாத்த வெச்சுட்டாங்க” என்றார் பாய். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. வந்து வந்து போகும் மின் பழுதுகளில் பேட்டரிதான் முதல் பலி. பார்க்கிறவருக்கு அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது, ஸ்பானர் எடுத்தால் கழற்றவும் முடிகிறது. மாற்றிய இரண்டு மூன்று நாள் வண்டி நன்றாக ஓடினால் போதும், குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பேட்டரியை மாற்றும்போது கேபிள்கள் அசைந்து தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதுதான் உண்மையில் நடந்திருக்கும்.

மெயின் லைனா எர்த்தா என்று பார்ப்பதற்கு முன், சாவி சுவிட்சை ஒரு கை பார்த்துவிடச் சொன்னார். கடிகாரம் அதை விலக்கிவிட்டாலும் அவருக்குப் பழக்கம் அது. பையன் என் சாவிக்கொத்தில் இருந்த வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வண்டிச் சாவியை மட்டும் போட்டு மேலும் கீழும் ஆட்டினான். ஒன்றும் அணையவில்லை. “இவ்ளோ கனத்தைத் தொங்கவிடாதீங்க சார். சுவிட்ச் உள்ளே பித்தளைத் தகடு தேஞ்சுபோவும்” என்றான்.

சின்னப் பையன் சொன்னதுதான். ஆனால் அமெரிக்காவில் இதே விஷயம் பெரிய வழக்காக வெடித்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற சிறிய கார்களில், சாவி சுவிட்சைத் தன் இடத்தில் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் வலுவில்லாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும் வண்டியில் சாவி தானாகத் திரும்பி எஞ்சின் நின்றுவிடும். அதோடு ஏர்பேக்கும் வேலை செய்யாது. 2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கோபால்ட் ஓட்டிச் சென்ற ஓர் இளம்பெண் விபத்தில் இறந்தார். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் தரப்புப் பொறியாளர் ஒருவர், இறந்தவரின் காரிலிருந்த சுவிட்சையும் கடையில் வாங்கிய புது சுவிட்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே பாக எண். ஆனால் புதியதின் உள்ளே இருந்த ஸ்பிரிங்கும் முளையும் நீளமாக இருந்தன. நிறுவனம் 2006-ல் சத்தமில்லாமல் வடிவத்தை மாற்றி, எண்ணை மாற்றாமல் விட்டிருந்தது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. சுவிட்ச் மாற்றும்வரை சாவியோடு வேறு எதையும் கோக்காதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. பிரித்துப் பார்க்கும் பொறுமை, அவ்வளவு பெரிய நிறுவனம் மறைத்ததை வெளியே கொண்டுவந்தது. எனக்கு அந்த வழக்கு மறக்காமல் இருப்பது அதனால்தான்.

சந்துக்கு வருவோம். பாய் இப்போது எழுந்து வந்தார். பையனிடம் எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஹெட்லைட் ஹை பீம், ஏ.சி. ஊதி நாலாம் நம்பரில், பின்கண்ணாடி சூடாக்கும் கம்பி, வைப்பர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் விசிறியும் தானாகச் சேர்ந்துகொண்டது. “இப்போ ஒரு நாப்பது ஆம்பியர் இழுக்கும்” என்றார். பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கருப்புக் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டியபோது 41 காட்டியது.

இங்கேதான் அவருடைய வேலைக்கும் மற்றவர்கள் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். முன்பு பார்த்தவர்கள் வயர்களில் பழுது இருக்கிறதா என்று பார்க்க, வண்டியை அணைத்து, மீட்டரை ஓம் பக்கம் திருப்பி, வயரின் இரு முனையிலும் வைத்து, ‘பீப்’ சத்தம் வருகிறதா என்று கேட்டார்கள். வந்தது. வயர் நல்லது என்றார்கள். பாய் அப்படிச் செய்யவே இல்லை. மீட்டரை வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே அழுத்தி, சிவப்பு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டின் மேல் வைத்தார். இரண்டும் எர்த்துதான். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது; 0.1 வோல்ட், அதிகம் போனால் 0.2.

மீட்டர் 1.03 காட்டியது.

“ஒரு வோல்ட்டு வழியிலேயே காணாமப் போவுது பாரு” என்று பையனிடம் சொன்னார்.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் இழுப்பதில்லை. போவதற்கு ஒரு வயர். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. எல்லா விளக்கும் மோட்டாரும் தன் மின்சாரத்தை அந்த உடம்பில் விட்டுவிடும். உடம்பிலிருந்து ஒரே ஒரு கருப்புக் கேபிள் அதைப் பேட்டரியின் நெகட்டிவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். செம்பு மிச்சம், வேலையும் சுலபம். ஆனால் அந்த ஒரு கேபிள் கெட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும் என்பது ஓம் 1827-ல் எழுதிவைத்த கணக்கு. 1.03-ஐ 41-ஆல் வகுத்தால் 0.025 ஓம். இந்தச் சிறு தடையைச் சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் பக்கத்தால் பார்க்கவே முடியாது. அதன் இரண்டு வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ‘பீப்’ சத்தம் அதனால்தான் எல்லோரையும் ஏமாற்றியது. ஒரு புரி மட்டும் மிஞ்சிய கிணற்றுக் கயிறு வெறும் வாளியைத் தாங்கிவிடும். நீர் நிறைந்ததும் அறும். கேபிள் அறுந்திருக்கிறதா என்று வெறும் வாளியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அணைந்த வண்டி சாவியை அணைத்துப் போட்டதும் பிழைத்துக்கொண்டதன் காரணமும் இப்போது விளங்கியது. சாவியை அணைத்ததும் சுமை போய்விடுகிறது. கடிகாரத்துக்கும் மீட்டர் போர்டுக்கும் வேண்டிய அற்ப மின்சாரத்தை அந்த மிச்சப் புரி கொடுத்துவிடும். மறுபடி ஏ.சி., விளக்கு என்று சுமை ஏற, ஒரு குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும். மே மாதத்து மதியத்திலும் இரவிலுமே பெரும்பாலும் இது நடந்தது என்பதும் பொருந்தியது. செல்ஃப் மட்டும் பலமாக எடுத்ததற்குக் காரணம், அதற்கு வேறு எர்த்து. பேட்டரியிலிருந்து இன்னொரு தடித்த கேபிள் நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அது நன்றாக இருந்தது.

பாய் திருப்தி அடையவில்லை. பழுது இருக்கும் திசை தெரிந்தது. அதை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மீட்டரை என் கையில் கொடுத்து, “நம்பரைப் பார்த்துச் சொல்லுங்க சார்” என்றார். ஒரு மரக் கட்டையால் பேட்டரித் தட்டைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். 1.03. 1.05. 1.02. பேட்டரிக்குக் கீழே கருப்புக் கேபிள் பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் இடத்துக்கு அருகே கேபிளைப் பிடித்து மடக்கியதும் எண் 3.8-க்குத் தாவியது, இன்னும் கொஞ்சம் மடக்க, வைப்பர் பாதியில் நின்றது, ஹெட்லைட் மங்கியது, மீட்டர் போர்டு இருண்டது, எஞ்சின் அடங்கியது. கையை எடுத்தார். பையன் சாவியை அணைத்துப் போட்டான். எல்லாம் எரிந்தது. கடிகாரம் ஒரு மணி.

மாதக்கணக்கில் தன் இஷ்டத்துக்கு வந்துபோன ஒன்று, அந்தக் கையின் கட்டளைக்கு வந்தது. மகிழ்ச்சியில் எனக்குப் பேச்சு வரவில்லை.

“கியர் கேபிளைத் தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன். கதகதப்பாக இருந்தது, எஞ்சின் சூட்டுக்கு எட்டாத முனையில்கூட. மின்சாரத்துக்கு முறையான வழி அடைபட்டால் அது வேறு வழி தேடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே ரப்பர் மவுண்டுகள் இருப்பதால், மிஞ்சியிருக்கும் உலோக வழிகள் கியர் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் போன்றவைதான். அவை இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இப்படியே ஓட்டினால் கேபிள் உறை உருகி ஒரு நாள் சிக்கிக்கொள்ளும்.

ஆனால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே ஒரு பின்னல் பட்டை இருந்திருக்க வேண்டுமே என்று பாய் டார்ச்சை வாங்கிக்கொண்டு பின்பக்கம் தேடினார். எஞ்சின் தலைப்பகுதியின் பின்னால் ஒரு காலித் துளை இருந்தது. நேர் எதிரே பாடியிலும் ஒரு காலித் துளை. “கிளட்ச் வேலை பார்த்தாங்களா?” என்றார். பார்த்தது உண்மை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய இடத்தில் அந்தப் பட்டையை மறுபடி மாட்டாமல் விட்டுவிட்டார்கள். வண்டி அன்றைக்கு ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. வண்டி செய்தவர்கள் இரண்டு எர்த்து கொடுத்திருந்தார்கள், ஒன்று போனால் மற்றது காக்கட்டும் என்று. ஒன்றைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. மற்றதன் மேல் முழு பாரமும் விழுந்தது.

அந்த மற்றது ஏன் கெட்டது? பேட்டரியையும் தட்டையும் வெளியே எடுத்தபோது தெரிந்தது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பானரைப் போட்டுத் திருப்ப, கேபிளின் முனையில் இருக்கும் லக் கழன்று வந்தது. அடியில் பாடியின் இரும்பு செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. லக்குக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் கருப்பு உறையைப் பிளேடால் கீறினான் பையன். உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தூள் கொட்டியது. சில இழைகள் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

“வெள்ளத்துல நின்ன வண்டியா?” என்றார் பாய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், முழங்கால் அளவு தண்ணீரில் இது நின்றது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின் ஆயில் மாற்றினோம், கார்ப்பெட்டை உரித்து வெயிலில் போட்டோம், சீட்டைக் கழுவினோம். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனதால் தப்பித்தோம் என்றிருந்தோம். கேபிளின் முனையில் புகுந்த ஈரம் செம்பு இழைகளுக்கு நடுவே உறைக்குள்ளேயே மேலே ஏறியிருக்கிறது. வெளியே காய்ந்தாலும் உள்ளே காயவில்லை. சென்னையில் கடல் காற்றின் உப்பு வேறு. மெல்ல மெல்ல அரித்து, பல மாதம் கழித்துத் தலைகாட்டியது. சென்னையில் அந்த டிசம்பரில் நின்ற வண்டிகள் எத்தனை! அவற்றில் பல கை மாறி, பெயின்ட் பளபளக்க இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய கார் வாங்குகிறவர்கள் பேட்டரித் தட்டின் அடியில் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 41 ஆம்பியர், 1 வோல்ட் இழப்பு. அந்த ஒரு லக்கில் மட்டும் நாற்பது வாட்டுக்கு மேல் சூடாகச் செலவாகியிருக்கிறது. பையன் கையில் வைத்திருந்த சால்டரிங் அயர்னின் அளவே அதுதான். சூடு ஏற ஏற அரிப்பும் கூடும், தடையும் கூடும். தடை கூட மேலும் சூடு. இந்தப் பழுது தானாகச் சரியாகவே ஆகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

பழுதுபார்ப்பது அரை மணி நேர வேலைதான். நெகட்டிவைத்தான் முதலில் கழற்றினார்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டினார்கள். பாசிட்டிவில் வேலை செய்யும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராமலிருக்க இதுவே வழி. கேபிளைப் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனார்கள். மிச்சம் நீளம் போதவில்லை என்றதும் பாய் யோசிக்காமல் அதைத் தூக்கிப் போட்டு, அதைவிட ஒரு சைஸ் தடித்த புதுக் கேபிள் எடுத்தார். முனையில் செம்பு லக், நீண்ட கைப்பிடியுள்ள கிரிம்பிங் டூலால் நசுக்கி, பசை உள்ள ஷ்ரிங்க் டியூபைச் சூடுகாட்டி மூடினார். பாடியில் துருவை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகே லக்கை வைத்து முறுக்கினார். வாஸ்லினை மேலே தடவியது முறுக்கி முடித்த பிறகுதான். முதலிலேயே தடவி மூடினால் இரும்பும் செம்பும் சரியாகத் தொடாது என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். காலித் துளைகளுக்கு ஒரு பின்னல் பட்டை பக்கத்துக் கடையில் கிடைத்தது.

இன்சுலேஷன் டேப்பை எங்கேயும் சுற்றவில்லை. அது பாய்க்கு ஆகாத பொருள். கூடுதல் ஹாரன், ரிவர்ஸ் கேமரா, எல்.இ.டி. லைட் என்று வாங்கி, ஓடும் வயரைப் பிளேடால் உரித்து இன்னொரு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். ஒரு கோடைக்குள் பசை இளகி டேப் கழன்றுவிடும். மின்சாரம் வந்துபோகும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த முறுக்கல்களால் வருகின்றன என்பது அவர் அனுபவம். மிச்சத்தில் எலிக்கும் ஒரு பங்கு உண்டாம்.

முடித்ததும் மறுபடி அதே சோதனை. அதே சுமை, அதே இரண்டு இடம். 0.04 வோல்ட். கேபிளை மடக்கினார், தட்டைத் தட்டினார், வண்டியையே பிடித்துக் குலுக்கினார்கள். எண் அசையவில்லை. எனக்கு அந்த 0.04-ஐப் பார்த்தபோது வந்த நிம்மதி, புது பேட்டரி வாங்கி மாட்டியபோது வரவில்லை. முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் கையில் இருக்கிறது. நம்புவதற்கு வேறு என்ன வேண்டும்?

ஸ்கேனரைப் பற்றிக் கேட்டேன். கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவர்கள் ஸ்கேனரை வைத்துத்தான் சொன்னார்கள். பாயிடமும் ஒன்று இருக்கிறது. அதை அவர் மதிக்காமல் இல்லை. பி0562 என்று ஒரு கோடு வந்திருந்தால் வோல்ட்டேஜ் குறைந்தது என்று தெரிந்திருக்கும், அதுவும் ஒரு தடயம்தான் என்றார். ஆனால் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போய்விட்டால் அது எதைக் குறித்துவைக்கும்? குறித்ததையும் சேர்த்து மறந்துவிடலாம். ஸ்கேனரில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்ததைப் பார்த்து, கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அதற்குச் சாப்பாடு போகிறதா என்று யாரும் அளக்கவில்லை.

இந்த ஊரில் வண்டி மின்சாரம் படித்தவர்கள் அதிகம். சென்னையின் பாடி பகுதியில், 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்துவருகிறது. புதுப்பேட்டையிலும் ஜி.பி.ரோட்டிலும் அந்தச் சாமான்களைப் பிரித்துச் சுற்றியே வேலை பழகியவர்கள் ஏராளம். பாயும் அப்படிப் பழகியவர், இப்போது இந்தப் பையனுக்குச் சொல்லித் தருகிறார். ஆனால் இப்படி அளந்து கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் கொடுக்கும் மதிப்பு குறைவு. பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் பில் போட்டால் பேசாமல் கொடுக்கிறோம்; ஒரு மணி நேரம் மீட்டரோடு குனிந்து நின்றவர் கூலி கேட்டால், ‘ஒரு வயர்தானே மாத்தினீங்க’ என்கிறோம். பாய் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வண்டி இப்படி வந்து வந்து அணைந்தால் ஒன்று செய்யுங்கள். பேட்டரி மாற்றச் சொன்னாலும் சரி, கம்ப்யூட்டர் மாற்றச் சொன்னாலும் சரி, பணத்தை எடுப்பதற்கு முன் கேளுங்கள்: “எல்லா லைட்டையும் ஏ.சி.யையும் போட்டு, நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவுல எத்தனை வோல்ட் காட்டுதுன்னு அளந்தீங்களா?” 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகு மற்றதைப் பேசலாம். அளக்கவில்லை என்றால், அளக்கத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்; அதுவரை மேம்பாலத்தில் ஓட்டாதீர்கள்.